காட்சிக்கூடத்தில் அருகன்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் "செத்த காலேஜ்" என்று அழைத்தனர். உயிர்க்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்" என்று பெயர். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் 1855இல் அங்கேயே விலங்குகளையும் வைத்துக் காட்டினார். பின்னர் விலங்குகள் பூங்கா நகருக்கும், 1985இல் வண்டலூருக்கும் போய்விட்டன. எஞ்சியது "செத்த காலேஜ்". நகைப்புக்காக மக்கள் வைத்த பெயர்தான். ஆயினும் அங்கே வீற்றிருக்கும் ஜினபிம்பங்களை எண்ணும்போது அந்தப் பெயர் நம் நெஞ்சைச் சற்றே உறுத்துகிறது. அந்தப் பிம்பங்களும் அக்கணக்கில் சேர்ந்தவைதாமா?

இவ்வினா எங்களுக்கு வெறும் தத்துவ விசாரமாக எழவில்லை. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று எங்கள் பூர்வீகம். ஒரு காலத்தில் நாற்பது சிராவகக் குடும்பங்கள் அங்கே இருந்தன. இன்று அடுப்பெரிவது நான்கு வீடுகளில். பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டனர். அவர்களோடு பெற்றோரும் குன்றத்தூர், மாங்காடு, படப்பை என்று குடியேறிவிட்டனர். நாங்களும் அப்படி வந்தவர்களே. ஊரில் ஜினாலயம் இருக்கிறது. கருங்கல்லில் மூலநாயகர் இருக்கிறார். ஐம்பொன்னில் ஆதிநாதர், பார்சுவநாதர், தர்மதேவி அம்மன் என மூன்று திருமேனிகள் உள்ளன. பூசை செய்யும் வாத்தியாருக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்குப் பின் யார் என்று கேட்டால் ஊரில் எவரும் வாய் திறப்பதில்லை.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, ஐம்பொன் திருமேனிகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடலாம் என்றார். பெரியவர்கள் சிலர் சினந்தனர். சிலர் மௌனமாயிருந்தனர். அம்மௌனம்தான் எங்களைக் கவலைகொள்ளச் செய்தது. பரம்பரையாகக் கோயில் கணக்கு எங்கள் வீட்டில் இருந்து வருவதால், ஒரு முடிவு சொல்லும்படி எங்களைக் கேட்டனர். முடிவு சொல்லுமுன் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்களாகக் குன்றத்தூரிலிருந்து புறப்பட்டோம்.

குன்றத்தூர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இது சேக்கிழார் பிறந்த ஊர். சோழ மன்னன் சீவக சிந்தாமணியில் தோய்ந்திருந்ததைக் கண்டு அவன் மனத்தைத் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு. சிந்தாமணியை இயற்றிய திருத்தக்கதேவர் நம்மவர். அவருக்கு எதிர்ப்பாட்டு எழுந்த ஊரிலே இன்று நாங்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறோம்! அண்டை வீட்டார் குருபூசைக்கு அன்போடு அழைக்கின்றனர். நாங்களும் போய், பொழுது சாயுமுன் உண்டு திரும்புகிறோம். நூற்றாண்டுகளின் பகை இப்படி ஒரு பந்தியில் கரைவதும் உண்டு.

அருங்காட்சியகத்தின் வரலாறு ஒவ்வொரு புதிய பகுதியாகத் திறந்துகொண்டே வந்த வரலாறு. 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் தொடங்கி, 1854இல் எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்கு வந்தது. முன்னர் ஆங்கிலேயர் நடனமும் விருந்தும் நடத்திய இடம் அது. அடுத்து 1896இல் கன்னிமாரா நூலகம் வந்தது. 1909இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் 1951இல் தேசியக் கலைக்கூடமாயிற்று. வெண்கலப் படிமங்களுக்கென்று 1963இல் தனிக் கட்டடம் எழுந்தது. 1984இல் தற்காலக் கலைக்கும் ஒரு கூடம் அமைந்தது.

அந்த வெண்கலக் கூடம் புதிதாயிருந்த நாளில் எங்கள் தந்தையார் அதைக் காணச் சென்றார். சென்னைக்கு நெல் வியாபாரமாக வந்தவர், யாரோ சொல்லக் கேட்டுப் போனாராம். வாயிற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடந்தார். உடன் வந்த பார்வையாளர் ஒருவர், "ஐயா, இது கோயில் இல்லையே" என்றார். தந்தையார், "கோயில் இல்லை, சரி. உள்ளே இருப்பவர் அவர்தானே?" என்று கேட்டாராம். இதை எங்கள் வீட்டில் பல தடவை பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எங்கள் பூர்வீக வினாவுக்கு விடை இதிலேயே இருக்கிறது என்றுகூட எண்ணியிருந்தோம். ஆனால் "அவர்தானே" என்ற அச்சொல்லைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

நாங்கள் முதலில் கற்சிற்பங்களைக் கண்டோம். இந்த அருங்காட்சியகத்தின் சமணச் சேகரிப்பு பெரியது. கடப்பை மாவட்டத்துத் தானவுலபாடு தொடங்கித் தூத்துக்குடி வரை பல ஊர்களிலிருந்து வந்த தீர்த்தங்கரர் பிம்பங்கள் அதில் உள்ளன. பழைய தமிழகப் பிம்பங்கள் பலவற்றில் இலாஞ்சனம் பொறிக்கப்படவில்லை. பாம்புப் படம் குடையாக விரிந்திருந்தால் பார்சுவநாதர் அல்லது சுபார்சுவநாதர் என்று சொல்லலாம். மற்றவர்களை இன்னார் என்று துணிந்து சொல்ல இயலாது. ஆகவே அத்தகைய பிம்பத்தின் அட்டையில் "தீர்த்தங்கரர்" என்று மட்டும் எழுதுவதே நேர்மை. ஊர்ப்புறங்களில் வயல்வெளிச் சமணப் பிம்பங்களைப் "புத்தர்" என்று சொல்லிவிடும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

பின்னர் வெண்கலக் கூடத்தில், ஒரு சிறிய ஜினரின் முன் வந்து நின்றோம். அண்ணன் பேத்திக்கு ஒன்பது வயது. அவள் எங்கள் கையைப் பற்றி, "தாத்தா, கும்பிடலாமா?" என்று மெல்லக் கேட்டாள். நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. எங்கள் பெரியம்மா முந்தானைக்குள் இரு கைகளையும் குவித்துக்கொண்டிருந்தார். வெளியே தெரியாதபடி, ஏதோ தவறு செய்பவர் போல. அதைக் கண்டபோது எங்களுக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன.

கும்பிடலாமா என்பதற்கு நம் ஆகமம் என்ன சொல்கிறது? தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம் பொருள்களை நான்கு வகையாக வைத்து அறியச் சொல்கிறது. நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்பன அவை. "ஜினர்" என்று ஒரு பிள்ளைக்குப் பெயரிட்டால் அது நாமம். கல்லிலோ உலோகத்திலோ "இவர் ஜினர்" என்று கருதி நிறுவினால் ஸ்தாபனை. இனி ஜினராகப் போகும் உயிர் திரவிய ஜினர். சமவசரணத்தில் அமர்ந்து அறம் உரைக்கும் அந்த நிலையே பாவ ஜினர். பாவ ஜினர் எந்தப் பிம்பத்திலும் இறங்கி வந்து அமர்வதில்லை. வினை நீங்கி லோகத்தின் உச்சியை அடைந்தவர் நம் அழைப்புக்குத் திரும்புவதில்லை. கோயிலிலும் இல்லை, காட்சிக்கூடத்திலும் இல்லை. இந்த அளவில் இரண்டிடமும் ஒன்றே. அருகனை வழிபடுவது அவரிடம் ஒன்று பெறுவதற்கன்று. அவர் குணங்களை நினைந்து நம் கஷாயங்களைத் தணித்துக்கொள்வதற்கே. நினைப்பதற்குக் கண்ணாடிப் பேழை தடையாகுமா?

இப்படி முடித்துவிட்டால் எளிது. ஆனால் ஸ்தாபனை என்பதே கருதும் ஒருவரைச் சார்ந்தது என்பதை மறக்கலாகாது. பஞ்ச கல்யாணப் பிரதிஷ்டையில் கருவுறுதல் முதல் வீடுபேறு வரை ஐந்து நிகழ்ச்சிகளையும் பிம்பத்தின்மீது ஏற்றிச் சங்கம் முழுவதும் கூடி நிற்கிறது. அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒருவர் நீராட்டி, விளக்கேற்றி, "இவர் ஜினர்" என்று மீண்டும் கருதுகிறார். அக்கருத்து நின்றுபோனால் எஞ்சுவது என்ன? உலோகமும் வேலைப்பாடும். அவையும் சிறுமையல்ல. எனினும் வேறு. எங்கள் தந்தையார் "அவர்தானே" என்று சொன்னது உண்மையானது, தந்தையார் அங்கே நின்ற அந்த நேரத்துக்கு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபின் அது எவ்வளவு உண்மை என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

கூடத்தில் எங்களுக்கு முன்பே ஒரு பெண் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து அந்த ஜினரை வரைந்துகொண்டிருந்தாள். ஓவியம் பயிலும் மாணவி. நம் சமயத்தவள் அல்லள். நாங்கள் அங்கே நின்றது பத்து நிமிடம் இருக்கும். அவள் ஒரு மணி நேரமாக அமர்ந்திருப்பதாகச் சொன்னாள். எங்கள் பெரியம்மாவைப் பார்த்து, "அம்மா, உங்களுக்குத் தெரியுமா? இவருக்கு ஏன் கண் முழுசாவும் மூடலே, முழுசாவும் திறக்கலே?" என்று கேட்டாள். பெரியம்மா பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். "வெளியே பார்க்க ஒண்ணுமில்லே, உள்ளே தூங்கவும் இல்லே, அதான்" என்றார். அந்தப் பெண் நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு தான் வரைந்த இமைக்கோட்டை அழித்து வேறாக வரைந்தாள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் கோயிலில் அந்த ஆதிநாதரை ஒரு மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தவர் எங்கள் தலைமுறையில் ஒருவரும் இல்லை. நாங்கள் வலம் வருவோம். அர்க்கியம் சமர்ப்பிப்போம். உறவினரைக் கண்டு நலம் விசாரிப்போம். பிம்பத்தின் இமை எப்படி இருக்கிறதென்று கேட்டால் விழிப்போம். காட்சிக்கூடத்தில் வைத்தால் "செத்துவிடும்" என்று சினந்து பேசிய பெரியவர்களுள் நாங்களும் உண்டு. அந்தச் சினம் அங்கே சற்றுத் தணிந்தது.

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் கூடத்தின் வெண்கலங்களிற் பல எந்தக் கோயிலிலிருந்தும் பெயர்த்துக் கொணர்ந்தவை அல்ல. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் ஏர் உழும்போதும் மண்ணிலிருந்து வெளிப்பட்டவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அவை மாவட்ட ஆட்சியர் வழியாக இங்கே வந்தன. மண்ணுக்குள் அவை எப்படிப் போயின? யாரோ ஓர் ஊரார், ஏதோ ஓர் அச்சத்தில், இரவோடிரவாகக் குழி தோண்டி மறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து எடுப்போம் என்றே புதைத்திருப்பர். வரவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? நாங்கள் புதைக்கவில்லை என்பதைத் தவிர, ஊரை விட்டு வந்ததில் அவர்களுக்கும் எங்களுக்கும் வேற்றுமை அதிகமில்லை. அவர்களை ஓட்டியது அச்சம். எங்களை அழைத்தது சம்பளம்.

மண்ணிலிருந்து வந்தவற்றைக் காக்கும் தொழில் தனிக் கலை. உப்புச் சேர்மங்கள் உலோகத்துள் புகுந்தால் பச்சைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். இதற்கென்றே இந்த அருங்காட்சியகத்தில் 1930இல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. மின்பகுப்பு முறையால் பல திருமேனிகளை அது மீட்டது. நம் கோயில்களிலோ புளியிட்டுத் தேய்த்துத் தேய்த்து மூக்கும் உதடும் மழுங்கிய திருமேனிகள் எத்தனை! பக்தியே தேய்த்து அழித்தது. அது குற்றமா என்றால், ஒரு தாயின் முகத்தைக் குழந்தை தடவித் தடவிக் களைப்பூட்டுவது குற்றமா என்று கேட்கத் தோன்றுகிறது. பரியாயம் மாறிக்கொண்டேயிருக்கும். எந்த மாற்றத்தை நாம் விரும்பி ஏற்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

எங்கள் அண்ணன் மகன் ஒரகடத்தில் வாகனத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பணியில் இருக்கிறார். அவர் சொன்ன வாதம் வேறு. "சித்தப்பா, அபரிக்கிரகம் என்று சொல்கிறோம். எங்கள் ஊர், எங்கள் கோயில், எங்கள் ஆதிநாதர் என்பதும் பற்றுத்தானே? எல்லோரும் காணக் கொடுப்பதுதானே பற்றை விடுவது?" என்றார். கூர்மையான கேள்வி. ஆனால் கொடுத்த பொருள் பற்றில்லாத இடத்துக்குப் போகிறது என்று யார் சொன்னது? சேர்ப்பதே காட்சிக்கூடங்களின் இயல்பு. லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரக் கூடங்கள் சேர்த்து வைத்திருப்பதில் எவ்வளவு தானமாகப் போயிற்று, எவ்வளவு வேறு வழியாகப் போயிற்று என்பதை உலகம் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அதே வேளையில் அவை மாறியும் வருகின்றன. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கலைக்கூடம் சமணக் கலைக்கென்றே ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. அடுத்த ஆண்டு அது லண்டனுக்கும் சென்றது. 2025இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பண்டைய இந்தியாவின் சமயக் கலை பற்றிக் காட்சி அமைத்தபோது, அந்நாட்டிலுள்ள சமணர், பௌத்தர், இந்துக்கள் ஆகியோரைக் கலந்தே அமைத்தது. வணங்குவோரையும் ஒரு தரப்பாக மதித்த செயல் இது. நம் பெரியம்மா முந்தானைக்குள் கைகுவிக்க வேண்டாத காலம் வரலாம்.

கைவிடப்பட்ட கோயிலுக்கு உரிமை உண்டா என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1976இல் பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணில் கிடைத்த நடராசர் கடத்தப்பட்டு லண்டன் சேர்ந்தார். பாழடைந்து பூசையற்றுக் கிடந்த அக்கோயிலே தன் திருமேனியைக் கேட்கலாம் என்பதை அங்குள்ள நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்து, 1991இல் திருமேனி நாடு திரும்பியது. விளக்கெரியாத கோயிலும் உரிமையாளரே என்று வேற்று நாட்டு நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பி வந்தார். அவர் திருடப்பட்டது பூசை நின்று பூட்டிக்கிடந்த ஒரு கோயிலிலிருந்துதான். எங்கள் ஊர்க் கோயிலின் பின்சுவர் எவ்வளவு உயரம் என்பதை நாங்கள் இங்கே எழுத விரும்பவில்லை.

பெயர்க்க முடியாதவை நல்லூழ் உடையவை என்று சில வேளைகளில் தோன்றும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரரையும் ஒரே பாறையில் செதுக்கியிருக்கின்றனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கே உள்ளது. எந்தக் காட்சிக்கூடமும் அதைக் கேட்க முடியாது. வேண்டுவோர் அங்கேதான் ஏறிச் செல்ல வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலும் அப்படியே. விசயநகர அமைச்சர் இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபத்து விதான ஓவியங்களைத் தேடி, இந்த எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டி. என். இராமச்சந்திரன் அக்கோயிலுக்கே சென்றார். ஒவ்வொரு காட்சியையும் ஆராய்ந்து எழுதினார். 1934இல் அருங்காட்சியகத்தின் வெளியீடாகவே அந்நூல் வந்தது. கோயில் காட்சிக்கூடத்துக்குப் போகவில்லை. காட்சிக்கூடம் கோயிலுக்கு வந்தது. குன்றத்தூரிலிருந்து திருப்பருத்திக்குன்றம் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். எங்கள் பிள்ளைகளுள் எத்தனை பேர் போயிருக்கின்றனர் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியதுதான்.

ஆக, எங்கள் கருத்தைக் கேட்டவர்களுக்கு நாங்கள் எழுதி அனுப்பியது இது. முதலில் மூன்று திருமேனிகளையும் நாற்புறமும் படமெடுத்து, உயரமும் எடையும் குறித்து, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி பதிவு செய்வோம். பதிவில்லாத திருமேனி தொலைந்தால், அது நம்முடையது என்று சொல்லவும் நம்மிடம் சான்றிராது. அடுத்து, நாள்தோறும் பூசை நடக்கும், காவலுள்ள வேறொரு ஜினாலயத்தில் ஐம்பொன் திருமேனிகளை வைத்து, ஆண்டு விழாவுக்கு மட்டும் ஊருக்கு எழுந்தருளச் செய்வோம். மூலநாயகர் இருந்த இடத்திலேயே இருப்பார். அவருக்கு விளக்கேற்ற ஞாயிறுதோறும் ஒரு குடும்பம் முறைவைத்துக் குன்றத்தூரிலிருந்தோ படப்பையிலிருந்தோ போக வேண்டும். இதற்கும் ஆள் இல்லை என்று ஆகிவிட்டால், அன்று அருங்காட்சியகத்துக்கு எழுதுவோம். அதை அவமானமாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த மாணவியைப் போல ஒருவர் ஒரு மணி நேரம் எதிரே அமர்வார் என்ற அளவுக்கேனும் அது ஸ்தாபனைதான். எனினும் நாம் செய்யவேண்டியதைச் செய்யாமல் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது தானம் ஆகாது. பொறுப்பைக் கைகழுவுவதை அபரிக்கிரகம் என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இதை அண்ணன் மகனிடமும் சொன்னோம். அவர் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் முறைப்பட்டியலில் முதல் ஞாயிறு தன் பெயரைத் தானே எழுதிவிட்டார். இரவுப் பணி முடித்துக் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கி, அப்படியே வந்தவாசிக்குப் போவதாகச் சொல்கிறார்.

பேத்தியின் கேள்விக்கு நாங்கள் விடை சொன்னோமா என்று வாசகர்கள் கேட்கலாம். அன்று, "உனக்குத் தோன்றினால் கும்பிடு, அம்மா" என்றோம். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகளை வெளிப்படையாகவே குவித்தாள். பெரியம்மாவும் முந்தானையை விலக்கிக்கொண்டார்.

வாத்தியாருக்கும் எங்கள் கடிதம் போயிற்று. படித்துக் கேட்டாராம். தீபாவளியன்று மகாவீரர் நிர்வாணப் பூசையை மூன்று திருமேனிகளோடும் ஒருமுறை செய்து முடிக்கிறேன், அதன்பின் எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அதுவரை கருவறைச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.